மாஹுலி மலைப்பயணம்

மும்பையில் வாழும் நம்மில் பலர் மலையைத் தொடர்வண்டிச் சன்னல் வழியாகவே கண்டிருக்கிறோம். கல்யாண் சந்திப்பைக் கடந்து கசாராவை நோக்கிச் செல்லும் புறநகர் வண்டியில் இடப்புறச் சன்னலருகே அமர்ந்து சென்றால், வாசிந்து நிலையத்திற்கு அப்பால் தொடுவானில் கரிய மலைத்தொகுதி ஒன்று எழுவதைக் காணலாம். அதன் முகடு நேர்கோடாக இராது. யாரோ அரத்தால் அராவி விட்டதுபோல் கூம்பும் பிளவுமாக அமைந்திருக்கும். கூம்புகளுள் சில தாய்மலையிலிருந்து முற்றிலும் பிரிந்து தனித்தூண்களாக நிற்கும். அதுவே மாஹுலி மலை. தாணே மாவட்டத்தில் ஷாஹாபூர் வட்டத்தில் உள்ளது. இதன் உச்சி கடல்மட்டத்திற்கு மேல் 858 மீட்டர் உயரமுடையது.

மகாராட்டிரத்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய கள்சூபாய் 1,646 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இவற்றோடு ஒப்பிட மாஹுலி சிறியதே. ஆயினும், ஒரே பகலில் ஏறி இறங்க வேண்டியவர்க்கு அது எளிய மலையன்று. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ள மலையாதலின், அதனையே இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். ஒரு மலையை ஏறுமுன் அதைப்பற்றி என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலையைச் சொல்லும் சொற்கள்

முதலில் சொற்களைப் பார்ப்போம். நகரத்தில் வாழ்கின்ற நமக்கு 'மலை' என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. மலையில் நடப்பவனுக்கு அது போதாது. "மலையில் நில்" என்றால் எங்கே நிற்பது? குறிஞ்சி நிலத்தைப் பாடிய நம் முன்னோர் மலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் வைத்திருந்தனர். சரிவான பக்கம் சாரல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்ற மலைப்பகுதி அடுக்கம். உச்சி கோடு, சிமையம், குடுமி எனப் பலவாறு வழங்கப்பெறும். பாறைப் பிளவு விடர். குகை முழை அல்லது அளை. இரு மலைகளுக்கு இடையே உள்ள வழி கணவாய். மூங்கிலின் கணுக்களில் கால்வைத்து ஏறுமாறு அமைந்த ஏணிக்கு மால்பு என்று பெயர். செங்குத்துப் பாறையில் தேன் எடுப்போர் அதனைப் பயன்படுத்தினர்.

மராத்தி மொழியிலும் இத்தகைய சொற்செல்வம் உண்டு. மலை 'டோங்கர்', அரண் அமைந்த மலை 'கட்', கணவாய் 'கிண்ட்', தனித்து நிற்கும் பாறைக்கூம்பு 'சுள்கா'. உங்களுள் பலருக்கு மராத்தி பள்ளித் தோழர் மொழியாதலின் இவை புதியவை அல்ல. சுள்கா என்பதற்கு நேரான ஒரு தமிழ்ச்சொல் பேச்சு வழக்கில் இல்லை. கொடைக்கானலில் உள்ள அத்தகைய பாறைகளைத் 'தூண்பாறை' என்கிறோம். அச்சொல்லையே இப்பாடத்திலும் பயன்படுத்துவோம்.

பாறையின் பிறப்பு

திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் தாராவிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்து மாணவன் ஒருவன் வகுப்பில் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தான். "ஐயா, எங்கள் ஊர்க் கோயில் தூணையும் கருங்கல் என்கிறார்கள்; அது சாம்பல் நிறமாக இருக்கிறது. இங்கே ரயில் பாதையோரம் உள்ள பாறைதான் உண்மையிலேயே கருப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே கல்லா?" என்றான். மிக நல்ல வினா. இரண்டும் ஒரே கல் அல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் மலையேற்றத்தைப்பற்றிப் பேசுவது பயனற்றது.

தமிழகத்துக் கருங்கல் என்பது பெரும்பாலும் கிரானைட்டு வகையைச் சார்ந்தது. அல்லது கிரானைட்டுக்கு நெருங்கிய உறவுடைய நைஸ், சார்னோகைட்டு ஆகிய பாறைகளாகும். பூமியின் ஆழத்தில் உருகிய நிலையில் இருந்த பொருள் மேலே வராமல் உள்ளேயே மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகும்போது கிரானைட்டு தோன்றுகிறது. மெதுவாகக் குளிர்வதனால் படிகங்கள் பெரியனவாக வளர்கின்றன. அறுத்து மெருகேற்றிய கிரானைட்டுப் பலகையில் வெண்மையும் சாம்பலும் கருமையுமாகப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். வடதமிழகத்துப் பாறைகளுள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவை உடையவை. சார்னோகைட்டு என்னும் பெயருக்குச் சுவையான வரலாறு ஒன்றுண்டு. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர், 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அந்தக் கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது. ஆக, நம் பரங்கிமலைப் பக்கத்துப் பாறை உலக நிலவியல் நூல்களில் கொல்கத்தாக்காரர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது!

மாஹுலியின் பாறை வேறு. அது பசால்ட்டு எனப்படும் எரிமலைப் பாறை. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, நிலப்பிளவுகளின் வழியே வெளிவந்த எரிமலைக் குழம்பு இன்றைய மகாராட்டிரத்தையும் அண்டைப் பகுதிகளையும் மூடிப் பரவியது. இன்றும் சுமார் 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் அப்பாறை உள்ளது. ஒருமுறை பரவிய குழம்பு இறுகிய பின், அதன்மேல் மற்றொரு முறை குழம்பு பரவியது. இவ்வாறு அடுக்கடுக்காக அமைந்ததனால், அரிப்புக்குப் பின் மலைச்சரிவுகள் படிக்கட்டுபோல் காட்சியளிக்கின்றன. இவ்வமைப்பை நிலவியலார் 'தக்காணத் திராப்' என்பர். திராப் என்பது படிக்கட்டு எனப் பொருள்படும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. காற்றுவெளியில் விரைந்து குளிர்ந்தமையால் இப்பாறையின் படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. எனவேதான் பாறை முழுவதும் ஒரே கருமையாகத் தோன்றுகிறது.

குளிரும் பொருள் சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். பசால்ட்டு செங்குத்தான வெடிப்புகளைப் பெறுவது இவ்வாறே. மும்பை அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்றைப் பாருங்கள். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திற்கு, நிமிர்த்தி வைத்த கற்கம்பங்களின் கட்டுபோல் நிற்கிறது. 1952இல் அது தேசியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இன்று அதைச் சுற்றி அடுக்குமாடிகள் நெருக்குகின்றன. மாஹுலியின் தூண்பாறைகளும் இத்தகைய வெடிப்புகளின் வழியே மழைநீர் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாக மென்மையான பகுதிகளை அரித்துச் செல்ல, வலிமையான பகுதி மட்டும் எஞ்சி நின்றதன் விளைவாகும்.

ஏறுபவனுக்கு இதனால் என்ன? மிகுதியும் உண்டு. கிரானைட்டு வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரியும். ஆகவே அதன் மலைகள் மொழுமொழுவென உருண்டையாக இருக்கும். கைப்பிடி குறைவு, ஆனால், சொரசொரப்பான பரப்பில் உலர்ந்த பாதம் நன்கு பற்றும். பசால்ட்டில் கைப்பிடி நிறைய உண்டு. அவற்றை நம்ப முடியாது. கட்டை கட்டையாக உடையும் இயல்புடையதாதலின், பிடித்த கல்லே கையோடு பெயர்ந்து வரலாம். அனுபவமுடையோர் ஒரு கல்லைப் பற்றுமுன் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பர். பொள்ளெனும் ஓசை எழுந்தால் அதை விட்டு வேறு கல்லைத் தேடுவர். பெயர்ந்த சிறுகற்கள் சரிவெங்கும் பரவிக் கிடப்பதனால், ஏறும்போதைவிட இறங்கும்போது சறுக்கல் மிகுதி.

பாதை

தாதரிலோ குர்லாவிலோ கசாரா வண்டியில் ஏறி ஆசன்காவ் நிலையத்தில் இறங்க வேண்டும். பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. செம்பூர் மாணவர்கள் துறைமுகத் தடத்தில் குர்லா வந்து மாறலாம். ஆசன்காவிலிருந்து மும்பை–நாசிக் நெடுஞ்சாலையைக் கடந்து சென்றால் ஐந்தாறு கிலோமீட்டரில் மாஹுலி சிற்றூர். பகிர்வு ஆட்டோக்கள் செல்கின்றன. ஊரின் எல்லையில் வனத்துறையின் நுழைவிடம் உள்ளது. இம்மலைக்காடு தான்சா வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. பெயரைப் பதிவுசெய்து கட்டணம் செலுத்திய பின்னரே மேலே செல்ல வேண்டும். இது வெறும் சடங்கு எனச் சிலர் எண்ணுவர். மாலையில் ஒருவர் திரும்பவில்லை என்றால், தேடப் புறப்படுவோருக்கு அந்தப் பதிவேடே முதல் சான்று.

தொடக்கத்தில் பாதை தேக்கும் மூங்கிலும் கலந்த காட்டினூடே செல்கிறது. நிழல் உண்டு, நடையும் எளிது. இந்த எளிமை ஏமாற்றக்கூடியது. சற்று நேரத்தில் காடு பின்தங்கி, பாதை ஒரு முதுகுபோன்ற மேட்டின்மீது ஏறத் தொடங்கும். இருபுறமும் சரிவு, தலைக்குமேல் வெயில். ஒரு முகடு ஏறி முடிந்ததும் உச்சி வந்துவிட்டது எனத் தோன்றும். அங்கிருந்து பார்த்தால் அடுத்த முகடு நிற்கும். முதன்முறை வருவோர் சோர்ந்து அமர்வது இங்கேதான். இடையிடையே எதிர்ச்சரிவில் தூண்பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

முகட்டை நெருங்கும்போது செங்குத்தான பாறைச்சுவர் வழியை மறிக்கும். அங்கே இரும்பு ஏணி அமைக்கப்பட்டுள்ளது. மூன்று பிடி விதியை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் ஏணியில் ஊன்றியிருக்க, ஒன்று மட்டுமே நகர வேண்டும். ஒருவர் முழுவதும் ஏறி விலகிய பின்னரே அடுத்தவர் கால்வைக்க வேண்டும். கையில் கைப்பேசியோடு ஏணியில் நிற்பவர்களையும் காண்கிறோம். அவர்களைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஏணியைக் கடந்தால் அரணின் உட்புறம். இடிந்த வாயில், காவலர் அறைகள், பாறையில் வெட்டிய நீர்த்தொட்டி ஆகியன எஞ்சியுள்ளன. மாஹுலி உண்மையில் மூன்று அரண்களின் தொகுதி. வடக்கே பளஸ்கட், நடுவே மாஹுலிகட், தெற்கே பண்டார்கட். தெற்கு நோக்கி நடந்தால் மாஹுலியின் புகழுக்குக் காரணமான தூண்பாறைகளை மிக அருகில் காணலாம். நவரா, நவரீ, வசீர் என்பன அவற்றின் பெயர்கள். முதலிரண்டும் மணமகன், மணமகள் எனப் பொருள்படும், மூன்றாவது அமைச்சர். கல்லிலும் ஒரு திருமண வீட்டைக் கண்ட மக்களின் கற்பனை போற்றத்தக்கது. அத்தூண்களின்மீது ஏறுவது கயிறும் நெடும்பயிற்சியும் உடைய பாறையேறிகளின் பணி. நாம் எதிர்முகட்டில் விளிம்பிலிருந்து விலகி நின்று பார்த்தல் போதும்.

இவ்வரணுக்கும் தமிழ்நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1636ஆம் ஆண்டில் முகலாயப் படை சூழ்ந்தபோது சிவாஜியின் தந்தையார் ஷாஹாஜி இவ்வரணில் இருந்துதான் எதிர்த்து நின்று, இறுதியில் பணிந்தார். பின்னர் அவர் பீஜப்பூர் அரசின் பணியில் தென்னாடு சென்றார். அவருடைய மற்றொரு மகன் ஏகோஜியே தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவினார். மாஹுலி 1665இல் புரந்தர் உடன்படிக்கையின்படி முகலாயருக்கு அளிக்கப்பட்ட 23 அரண்களுள் ஒன்றாகி, 1670இல் சிவாஜியின் படையால் மீட்கப்பெற்றது. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்தியர் அரண்கள் பன்னிரண்டனுள் பதினொன்று மகாராட்டிரத்திலும் எஞ்சிய ஒன்றாகிய செஞ்சி தமிழ்நாட்டிலும் உள்ளன. அவற்றுள் மாஹுலி இடம்பெறவில்லை. எனினும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் வழியில் செஞ்சிக்கும் சென்று வந்தால், கிரானைட்டு மலையரணையும் பசால்ட்டு மலையரணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புப் பெறுவர்.

நேரமும் நீரும்

மலையில் நேர்கின்ற துன்பங்களுள் பல உயரத்தினால் வருவன அல்ல. காலக்கணக்குத் தவறுவதால் வருவன. 1892ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி ஓர் எளிய கணக்கைத் தந்தார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதனோடு, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி கூட்டுக. நடைத்தொலைவு 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர் எனக் கொண்டால் 2 மணி நேரம் வரும். இது நல்ல உடற்பயிற்சியுடைய ஒருவர் நில்லாமல் நடக்கும் கணக்கு. இருபது மாணவர் கொண்ட குழு, வெயிலில், ஓய்வெடுத்து, ஏணியில் ஒருவர்பின் ஒருவராகக் காத்திருந்து ஏறுமானால் மூன்றரை மணிக்குக் குறையாது. குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே.

டிசம்பர் மாதத்தில் மும்பைப் பகுதியில் மாலை 6 மணியளவில் கதிரவன் மறைகிறான். காட்டுக்குள் அதற்கு முன்பே இருள் சூழும். எனவே 5 மணிக்குள் சிற்றூரை அடைய வேண்டும். இறக்கத்திற்கு இரண்டரை மணியும், எதிர்பாராத தாமதத்திற்கு ஒரு மணியும் ஒதுக்கினால், பகல் 1.30 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்று கணக்கு விடை தருகிறது. இதனைத் திரும்பும் நேரம் என்பர். அது காலையில், அடிவாரத்தில், தெளிந்த மனத்தோடு முடிவு செய்யப்பட வேண்டியது. உச்சி கண்முன்னே தெரியும்போது முடிவு செய்யப் புகுந்தால் "இன்னும் பத்து நிமிடந்தானே" என்ற குரலே வெல்லும். ஏணியடியில் நின்று கைக்கெட்டும் உச்சியை விட்டுத் திரும்பிய குழுக்கள் உண்டு. அவர்களைத் தோற்றவர் என்று நான் கருதுவதில்லை.

நீரைப்பற்றியும் கூற வேண்டும். ஒருவருக்கு 3 லிட்டர் வேண்டும். மேலேயுள்ள தொட்டி நீர் கோடையில் குறையும். வடிகட்டிக் காய்ச்சாமல் குடிக்கத் தக்கதன்று. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் குளிர்ச்சியை நம்பி நீரைக் குறைத்துக்கொண்டால், வெயிலை உண்டு வெப்பத்தை உமிழும் கரும்பாறை கணக்கைப் பொய்யாக்கிவிடும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியன கடுமையான வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அத்தகையவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே உதவி கோர வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் அருவிகள் அழகுதான். பாசி படர்ந்த பாறைக்கு அழகு தெரியாது.

உச்சியிலிருந்து பார்த்தால் தான்சா ஏரி தெரியும். கிழக்கே பாத்சா நீர்த்தேக்கம். மும்பைக்குக் குடிநீர் வழங்கும் ஏழு நீர்நிலைகளுள் இவை இரண்டு. தான்சா 1892இலிருந்து மும்பைக்கு நீர் தருகிறது. பாத்சாவே இன்று மிகுதியான நீரைத் தருவது. தாராவியின் ஓரமாகச் செல்லும் பெருங்குழாய்களை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். விடியற்காலையில் குடத்தோடு காத்திருக்கும்போது குழாயில் வரும் நீர், இம்மலைகளின் சாரலில் விழுந்த மழையே. மலையடிவாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் கோடையில் பெண்கள் நீருக்காக நெடுந்தொலைவு நடக்கின்றனர் என்பதையும் அங்கே சென்றால் அறிவீர்கள். ஷாஹாபூர் வட்டம் நகரத்திற்கு நீர் தந்துவிட்டுத் தான் லாரி நீருக்குக் காத்திருக்கும் வட்டம்.

ஒரு பழைய வழிகாட்டி

மலையேற்றம் மேனாட்டார் கற்பித்த விளையாட்டு என்று எண்ணுவோர் உளர். அவர்கள் பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் படிக்க வேண்டும். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு, அவ்வழியே முன்னர்ச் சென்று வந்த ஒருவன் பாதையின் இயல்பை எடுத்துரைப்பதாக நூல் அமைகிறது. நன்னனின் நவிரமலையே இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பருவதமலை என்று அறிஞர் கருதுவர். அதுவும் ஒரே நாளில் ஏறி இறங்கும் கடுமையான பாறைமலை. பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளைப் பற்றி மக்கள் இன்றும் அதில் ஏறுகின்றனர்.

அந்த ஆற்றுப்படை மன்னனைப் புகழ்வதோடு நில்லாமல் பயணிக்குச் சொல்லும் செய்திகளைக் கவனியுங்கள். பன்றியைப் பிடிக்க வழியெங்கும் கற்பொறி வைத்திருப்பர். ஆகவே இருளில் நடவாமல் விடிந்த பின் செல்லுங்கள் என்கிறது. தினைப்புனம் காப்போர் விடும் கவண்கல் வரக்கூடும். மரத்தின் மறைவில் செல்லுங்கள் என்கிறது. நுண்ணிய பாசி பாறையை மறைத்துக் காலைச் சறுக்கச் செய்யும் இடத்தில் மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறது. பொழுது சாய்ந்தால் மேலே செல்லாமல் குகைக்குள் தம் வீட்டிற்குள் புகுவதுபோல் புகுந்து தங்குக என்கிறது. மேலே நாம் கண்ட திரும்பும் நேரத்தின் வேறொரு வடிவமே இது.

வழி தவறினால் என்ன செய்வது? அகன்ற பாறை ஒன்றில் எல்லாரும் ஒன்றுகூடி இருந்து, கையிலுள்ள இசைக்கருவிகளை முழக்குங்கள். அவ்வோசை கேட்டுக் காட்டைக் காக்கும் கானவர் விரைந்து வந்து, உண்ணப் பழமும் தந்து வழியும் காட்டுவர் என்கிறது நூல். இன்றைய மீட்புப் பணியாளரும் இதனையே கூறுகின்றனர். கூட்டம் பிரியக் கூடாது. திறந்த வெளியில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஒலி எழுப்ப வேண்டும். கூத்தரிடம் யாழும் முழவும் இருந்தன. நம்மிடம் ஊதல் இருக்கலாம். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்துக் குறி. கைப்பேசி அலைவரிசை எட்டாத பள்ளத்திலும் ஊதலின் ஓசை எட்டும்.

கானவரைப்பற்றிய குறிப்பும் பொருளுடையது. மாஹுலியைச் சுற்றித் தாக்கூர், காத்கரி முதலிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். எந்தக் கல் ஆடும், எந்த ஓடை எம்மாதம் வற்றும் என்பவற்றை அவர்கள் அறிவர். முதன்முறை செல்லும் குழு அவ்வூரார் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் சென்று உரிய ஊதியம் தருவதே முறை. அவரை "அண்ணா" என்றோ மராத்தியில் "தாதா" என்றோ அழைத்துப் பேசினால், இணையத்தில் கிடைக்காத செய்திகள் பல கிடைக்கும். சஹ்யாத்திரிச் சரிவுகளில் 'கார்வி' என்னும் செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதா நிறத்தில் பூக்கும். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2016இலும் 2024இலும் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நம் நீலக்குறிஞ்சிக்கு அது நெருங்கிய உறவுச்செடி. ஆக, குறிஞ்சி நிலம் என்னும் பெயர் இங்கும் பொருந்தும். அதன் உலர்ந்த தண்டுகளால் இம்மக்கள் வீட்டுச்சுவர் அமைப்பர்.

மலைபடுகடாத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றுண்டு. பாதை கிளைபிரியும் இடத்தில், முன்பு அவ்வழியை அறியாத புதியவர் மயங்கக்கூடும். ஆதலின் நீங்கள் செல்லும் வழியைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று கூத்தரிடம் சொல்லப்படுகிறது. பரிசில் பெறப் போகிறவர்கள் ஏழைகள், பசித்தவர்கள். பின்னால் வருவோரும் அதே பரிசிலை நாடி வருவோரே. இருந்தும் அவர்களுக்கு வழியைக் காட்டிவிட்டுப் போகச் சொல்கிறார் புலவர். மாஹுலிப் பாதையில் பாறைகளின்மீது வண்ணத்தில் அம்புக்குறி வரைந்திருப்பதையும், கிளைவழிகளில் சிறுகற்களைக் கோபுரம்போல் அடுக்கி வைத்திருப்பதையும் காண்பீர்கள். அடுக்கு சரிந்திருந்தால் நிறுத்தி வைத்துவிட்டுச் செல்லுங்கள். வழிகாட்டியிடம் கேளாமல் புதிய அடுக்கு ஒன்றை விளையாட்டாக அமைக்காதீர்கள். தவறான இடத்தில் நிற்கும் குறி, குறியில்லாமையைவிடத் தீங்கு செய்யும்.

மகாராட்டிர மாநில வரைபடத்தில் கல்யாண், ஆசன்காவ், கசாரா ஆகிய நிலையங்களையும் தான்சா, பாத்சா நீர்நிலைகளையும் குறியுங்கள். பின்னர் உங்கள் வீட்டிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்படுவதாகக் கொண்டு, உங்கள் குழுவின் திரும்பும் நேரத்தை நீங்களே கணக்கிட்டு எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.